மதிய ஷிப்ட் மாதேஸ்வரி

ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாவது மாடியில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. பன்னிரண்டு சாய்வு நாற்காலி, பன்னிரண்டு மெஷின், எடை பார்க்க ஒரு மேடை. மதிய ஷிப்டில் அங்கே போனால் முதலில் கண்ணில் படுவது மாதேஸ்வரிதான். வயது நாற்பத்தாறு. கான்ட்ராக்ட்காரர் கொடுத்த ஊதாப் புடவை, அதன்மேல் குத்திய அட்டையில் அட்டெண்டர் என்று எழுத்து. டாக்டருக்கும் நர்சுக்கும் டெக்னீஷியனுக்கும் சேராத மிச்ச வேலை அத்தனையும் அவள் தலையில்தான். விரிப்பு மாற்றுவாள், தரை துடைப்பாள், நோயாளியைக் கைபிடித்து எடைமேடையில் ஏற்றுவாள், இறக்குவாள். ஆறு வருஷமாக இதே வேலை. அதற்கு முன் பதினான்கு வருஷம் ரோஜா ஷெட்.

அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பேரிகைப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார்களே, அங்கே வெட்டிய பூவை ஒரு நீளக் கொட்டகையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். முப்பது பெண்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று இலை உருவி, முள் எடுத்து, காம்பின் நீளம் பார்த்து, இருபது இருபதாகக் கட்ட வேண்டும். காதலர் தினம் வரும் பிப்ரவரியில் மூச்சுவிட நேரமிருக்காது. அங்கே இருந்த சூப்பர்வைசருக்குப் பெண்கள் பேசினாலே ஆகாது. வாயைத் திறந்தால் வெளியே போய் நில் என்பான். ஆனால் பாடினால் விட்டுவிடுவான். பாட்டுக்குக் கை வேகமாக ஓடுகிறது என்று முதலாளியே ஒருமுறை சொல்லிவிட்டாராம். பெண்களுக்கு அது போதாதா? அன்றிலிருந்து ஷெட்டில் யாரும் பேசவில்லை. மாமியார் சண்டை, மகள் வயசுக்கு வந்தது, பஸ் வராதது, சூப்பர்வைசரின் தொந்தி எல்லாவற்றையும் ராகம் போட்டு இழுத்தார்கள். ஒருத்தி தெலுங்கில் எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து கன்னடத்தில் பதில் வரும், நடுவில் ஒருத்தி தமிழில் வெட்டுவாள். ஒரே ஒரு கட்டுப்பாடு: முகம் பார்த்துப் பாடக் கூடாது. முகம் பார்த்தால் அது பேச்சாகிவிடும், சூப்பர்வைசர் வந்துவிடுவான். கண் பூவின் மேலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் மாதேஸ்வரி பாடி யாரும் கேட்டதில்லை. புருஷன் திம்மப்பன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மகள் யுவஸ்ரீ போன் தயாரிக்கும் கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வருகிறவள். அவர்களிடம் பேச ஒரு தடையும் இல்லாததால் நேரடியாகவே திட்டிவிடுவாள். ராகமெல்லாம் வேலையிடத்துக்குத்தான். முதலாளி நிலத்தை பிளாட் போட்டு விற்றபோது ஷெட் போனது, அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ராகமும் கூடவே வந்துவிட்டது.

டயாலிசிஸில் கொடுமையான நேரம் ஊசி குத்தும் நேரம். தடுப்பூசி ஊசி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தடிமனான இரண்டு ஊசிகள், ஒரே கையில், வாரத்துக்கு மூன்று நாள். ரத்தம் ஒன்றின் வழியே வெளியே போய்ச் சுத்தமாகி இன்னொன்றின் வழியே உள்ளே வரும், நாலு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி மதிய ஷிப்டில் ஏழாம் நாற்காலிக்கு வரும் கோவிந்தப்பனுக்கு அந்த ஊசி என்றாலே உயிர் போய்விடும். சூளகிரிப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை பார்த்தவர், பிறகு இருபது வருஷம் ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றியவர். அந்த மனுஷன் ஊசியைக் கண்டால் விரலெல்லாம் மடங்கிக்கொண்டு கையை இழுத்துக்கொள்வார். முதல் மாதத்தில் இரண்டு தடவை பாதியில் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

ஒருநாள் டெக்னீஷியன் ஜெகதீஷ் ஊசியோடு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த மாதேஸ்வரி தன்பாட்டுக்கு இழுத்தாள்.

"பாகலூரு ரோட்டுல பைப்பு ஒடைஞ்சி போச்சி... பாதி ஊரு பஸ்ஸெல்லாம் சுத்திப் போவ ஆச்சி..."

"எப்போ?" என்றார் கோவிந்தப்பன்.

"காலையில ஏழு மணிக்கி... கவுன்சிலரு வந்து நின்னு கைய கட்டிப் பாத்தாரு..."

கோவிந்தப்பன் சிரித்தார். அதற்குள் முதல் ஊசி உள்ளே போய்விட்டது. அடுத்த வாரத்தில் அவரும் ராகத்திலேயே பதில் சொல்லக் கற்றுக்கொண்டார். தெலுங்கும் தமிழும் கலந்த அந்த வம்புக்காகவே மற்ற நோயாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வருஷம் ஒரு ஷிப்டைக்கூட அவர் தவறவிடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் சத்யப்ரியா வந்து சேர்ந்தாள். விருதுநகர்ப் பெண், சின்ன வயதிலிருந்து வீணை கற்றவள், சென்னையில் இசை சிகிச்சை படித்தவள். சிறுநீரக டாக்டர் ஸ்ரீராமோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி. காலை ஷிப்ட் நோயாளிகளுக்கு ஊசி குத்தும் முன்னால் இருபது நிமிஷம் ஹெட்போனில் வீணை, புல்லாங்குழல். மதிய ஷிப்டுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு ஷிப்டிலும் நர்ஸ் பி.பி. பார்த்து, வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் கேட்டு எழுத வேண்டும். பன்னிரண்டு வாரம். இசையால் வலி குறைகிறது என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி சத்யப்ரியாவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும், ஐ.சி.யூ. வரைக்கும் இசையைக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் வருஷக் கடைசியில் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தொடங்கிய அன்று எல்லோரையும் கூட்டிவைத்து, "மதியம் ரேடியோ, போன்ல பாட்டு எதுவும் வேணாம், ப்ளீஸ்" என்று கேட்டுக்கொண்டாள். மாதேஸ்வரி அதை ரொம்ப சிரத்தையாக எடுத்துக்கொண்டாள். ஜெகதீஷ் போனில் ஒரு கன்னடப் பாட்டு முணுமுணுத்ததற்கே ஓடிப்போய் அதை நிறுத்தினாள்.

ஆறு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. வீணை கேட்ட காலை ஷிப்ட் வலி நாலு என்றது. எதுவுமே கேட்காத மதிய ஷிப்ட் இரண்டு என்றது. சத்யப்ரியா மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தாள், பாவம். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தானே வந்து மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பத்தே நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிட்டது.

ஊசி எல்லாம் முடிந்தபின் மாதேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க பாடுறீங்களா?"

"நானா? இல்லியே மேடம். எனக்கு எங்க பாட்டு வரும்?"

"இப்ப அந்தத் தாத்தாகிட்ட பாடுனீங்களேக்கா."

"அய்ய, அது சும்மா பேசிக்கினு இருந்தது மேடம். ஷெட்ல அப்படித்தான் பேசுவோம்."

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன, ஒரு பக்கம் இசை இருந்து மறுபக்கம் இல்லாமல் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும், இல்லையென்றால் ஆறு வார உழைப்பும் வீண் என்று பொறுமையாக விளக்கினாள். மாதேஸ்வரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் அந்தப் பெண் பிழைப்பில் மண்ணைப் போட்டோமே என்று அவளுக்கு ஆகிவிட்டது.

"மிச்ச ஆறு வாரம் மட்டும் கொஞ்சம் அமைதியா இருந்துடுறீங்களாக்கா?"

"வாயத் தெறக்க மாட்டேன் மேடம். சத்தியமா."

சொன்னபடியே செய்தாள். இதுதான் தப்பு. சாதாரணமாகப் பேசியிருக்கலாம், அதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வருஷம் கையில் வேலை இருக்கும்போதெல்லாம் பேசாமல் பாடியே பழகியவளுக்கு, பாட்டு இல்லையென்றால் பேச்சும் இல்லை. வியாழக்கிழமை மதியம் வாயைத் தைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். நாலாம் நாற்காலி சரோஜம்மாள், "தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கோவிந்தப்பன் வழக்கம்போல ஆரம்பித்தார். "பைப்பு இன்னும் ஒழுவுதா... பஸ்ஸு நேரா வருதா..." மாதேஸ்வரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அவர் இன்னொரு தரம் இழுத்தார். பதில் இல்லை. அவருடைய கை இறுகியது. ஊசி ரத்தக்குழாயை விட்டு வெளியே குத்தி, அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுபடி வேறு இடத்தில் குத்த வேண்டியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் மாதேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டாள். கோவிந்தப்பன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. ஜெகதீஷ் போன் பண்ணிக் கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொன்னார்களாம். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஒரு ஷிப்ட் விட்டாலே உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு வாங்கும். இரண்டு விட்டால் ஆபத்து, மூன்று விட்டால் சொல்லவே வேண்டாம். வியாழக்கிழமை காலையில் ஏழாம் நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டார்கள். மாதேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வந்தவள் ரிஜிஸ்டரிலிருந்து நம்பரைப் பார்த்து அவர் வீட்டுக்கு போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி சென்னம்மா.

"அண்ணி, நான் ஆஸ்பத்திரி மாதேஸ்வரி. ஏன் அண்ணன் வரல?"

சென்னம்மா, "உங்களுக்குத் தெரியாததா? அவருக்கு முடிஞ்சிபோச்சின்னு டாக்டரு உங்க எல்லாருக்கும் சொல்லிட்டாராமே" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் வாய மூடிக்கினியாம், அழுதியாம். போன மாசம் பக்கத்து சேர்ல இருந்த வாத்தியாரு போறதுக்கு முன்னாடி இப்படித்தான் எல்லாரும் அவருகிட்ட பேச்ச கொறச்சிக்கினீங்களாம். அதுக்கப்பறம் என்னாத்துக்கு ஊசி, ஊட்லயே கெடந்துட்டுப் போறேங்கறாரு. மூச்சு இழுத்துக்கினு கெடக்கறாரும்மா."

மாதேஸ்வரி போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சத்யப்ரியா இருந்த அறைக்குள் நேராகப் போனாள். நடந்ததைச் சொன்னாள். "நான் இப்ப பேசப்போறேன் மேடம், அதாவது பாடப்போறேன். உங்க ஆராய்ச்சி என்னா ஆனாலும் சரி, என்ன வேலைய உட்டு எடுத்தாலும் சரி" என்றாள்.

சத்யப்ரியாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "பாடுங்கக்கா. நான் யாரு உங்கள வேணாங்கிறதுக்கு? சீக்கிரம் பாடுங்க" என்றாள்.

சென்னம்மா போனைக் கோவிந்தப்பன் காதோரம் வைத்தாள். அவர் மூச்சு வாங்குவது இங்கே கேட்டது. மாதேஸ்வரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தான் செய்வதற்குப் பாட்டு என்று பேர் வைத்தபிறகு, வீணை படித்த ஒரு பெண் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்து எடுப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.  மேசைமேல் துவைத்து வந்த விரிப்புகள் குவிந்து கிடந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துணியின் மேலேயே வைத்தாள். இரண்டாவது மடிப்பில் குரல் வந்துவிட்டது.

"ஏழாம் நம்பர் சேருல எவனோ வந்து குந்தப்போறான்... கொறட்ட உட்ற சத்தத்துல மெஷினு கூட நிக்கப்போவுது... டாக்டரும் ஒண்ணும் சொல்லலண்ணா, தப்பா நெனச்சிக்காதண்ணா... வாய மூடி நின்னதெல்லாம் பேப்பருல எழுதத்தாண்ணா..."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும். அவள் இன்னொரு விரிப்பை எடுத்தாள். பைப்பு சரியானது, சரோஜம்மாளின் பேத்திக்கு வரன் வந்தது, ஜெகதீஷ் மீசை எடுத்தது எல்லாம் வந்தது. மூன்றாவது விரிப்பு மடித்து முடிகிற நேரம், விட்டு விட்டு ஒரு குரல் கேட்டது.

"எழுப்பி உடு தங்கச்சி... என் சேருக்கு... நான் வரேன்..."

பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டு முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். முகம் ஊதி, கால் வீங்கி, பேசினால் மூச்சு முட்டியது. எடை ஐந்து கிலோ ஏறியிருந்தது. "ஏதாவது பழம் சாப்பிட்டீங்களா?" என்று ஜெகதீஷ் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினார். உடனே ஏழாம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சென்னம்மாவைக் கதவருகே நிற்க விட்டார்கள். சத்யப்ரியா தாளும் பேனாவும் இல்லாமல் வெறுங்கையோடு சுவரோரமாக நின்றாள்.

மாதேஸ்வரி மறுகையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாரமா ஆளக் காணோம்... ஊட்டுல குந்தி என்னா பண்ண..."

"பெரியண்ணன் ஊட்டுக்குப் போனேன்..." என்று அவர் இழுத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றார். "பதினோரு வருஷம் பேசாத அண்ணன்... வரப்பு தகராறு இனிமே இல்ல... நீயே எடுத்துக்கோன்னு சொன்னேன்... எம் பொண்டாட்டிய மட்டும் பாத்துக்கோன்னு சொன்னேன்..."

கதவருகே சென்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்கே தெரியாது. முதல் ஊசி உள்ளே போய்விட்டது. கை அசையவில்லை.

"அப்பறம் என்னா பண்ண..."

"போறவன்தானேன்னு... தோப்புல நொழைஞ்சி... மல்கோவா மாம்பழம் ரெண்டு பறிச்சேன்... நேத்து ஒண்ணு தின்னேன்... இன்னிக்கி ஒண்ணு..."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீஷ் சிரிக்கவில்லை. "அக்கா, நிறுத்துங்க. என்ன சொன்னாரு? மாம்பழமா?"

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மாம்பழம் ஆகவே ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தங்கிவிடும், அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே மாதத்தில் இந்தப் பிரிவில் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிற பாடம் அது. ஜெகதீஷ் ஓடிப்போய் டாக்டர் ஸ்ரீராமைக் கூட்டிவந்தான். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் ஒரு ஊசிமருந்தின் பேரைச் சொல்லிக் கத்தினார். நர்ஸ் ஓடினாள். மருந்து ஏறியது, மெஷினில் ஓடும் திரவத்தை மாற்றி, இரண்டாவது ஊசியும் குத்தி மெஷினை ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரம் யாரும் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. மறுபடி எடுத்த ஈ.சி.ஜி.யில் கோடு ஒழுங்காக வந்தது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கேட்டா இல்லன்னு தலையாட்டினவரு, பாட்டுல சொல்லிட்டாரு" என்றார். மாதேஸ்வரி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

டாக்டரின் அறையில் சத்யப்ரியா தன் தப்பை மறைக்கவில்லை. ரேடியோவைப் பற்றிக் கேட்டேன், போனைப் பற்றிக் கேட்டேன், ஏற்கெனவே இங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கவில்லை என்றாள். மதிய ஷிப்டின் எண்களை இசையில்லாத பக்கமாகக் கணக்கில் எடுக்க முடியாது, முதலிலிருந்து வேறு விதமாகத் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நிர்வாகம் இன்னொரு வருஷம் தருமா என்பது அவருக்கும் தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வெளியே வந்தவள் மாதேஸ்வரியிடம், "உங்க பேர அறிக்கையில எழுதலாமாக்கா?" என்று கேட்டாள். "என் பேரு எழுதி என்னாவப்போவுது, கான்ட்ராக்ட் சூப்பர்வைசருக்குத் தெரியாம பாத்துக்குங்க" என்றாள் இவள்.

ஆறு மணிக்கு மெஷின் நின்றது. நாலு லிட்டர் தண்ணீரை எடுத்திருந்தார்கள். ராத்திரி இங்கேயே இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மாதேஸ்வரி கோவிந்தப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழ்மாடி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சென்னம்மா பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். லிஃப்ட்டில் இரண்டு பேர் மட்டும். கையில் துடைப்பமோ விரிப்போ ஒன்றும் இல்லாததால் மாதேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகப் பேசினாள். இரண்டு வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஏண்ணா, நான் வாய மூடினா நீ செத்துப்போவியா? சந்தேகம் வந்தா கேக்க வேண்டியதுதான?"

"எப்படி தங்கச்சி கேக்கறது? சாவப்போறனான்னா?"

"ஆமா. அப்படியே கேளு."

லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பன் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் ராகமில்லாமல், வெறும் குரலில் கேட்டார்.

"சாவப்போறனா?"

இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. ஆறு வருஷத்தில் அந்த நாற்காலிகளிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த மனுஷனிடம் இனி எதையும் மறைக்கக் கூடாது என்று இருந்தது.

"இன்னிக்கி இல்லண்ணா" என்றாள். "சனிக்கிழம மதியம் வந்துடு."

கோவிந்தப்பன் தலையாட்டினார். கதவு திறந்தது, அவள் நாற்காலியை வெளியே தள்ளினாள்.